பி.காம். முடிச்சாச்சு: எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்விகள்

கடைசிப் பரீட்சை எழுதி இருபத்தைந்து நாள் ஆகிறது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதற்குள் தெருமுனை மாவு மில்லில் ஆரம்பித்து கல்யாண வீடு வரைக்கும் எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்டு, நானும் ஒரே பதிலைச் சொல்லி, நேற்று ஆயாவிடமே ‘அதான் சொல்லிட்டேன்ல’ என்று எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், ஆயா கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிக்கொள்ளலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. வீடு வடசென்னையில், புது வண்ணாரப்பேட்டை. நைனா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மா காலையில் வாசலில் இட்லி போடுகிறார். தம்பி பதினொன்றாவது. இரண்டு வருடமாக சனி, ஞாயிறுகளில் பெரிய சினிமாப் பாட்டுக் கச்சேரிகளில் கேட் வேலை பார்க்கிறேன். மாமா பையன் ஒருவன் கஞ்சா கேஸில் புழல் ஜெயிலுக்குப் போய் வெளியே வந்திருக்கிறான். இப்போது வேலை தேடுகிறேன். வருகிற கேள்விகளெல்லாம் கச்சேரி, கேஸ், வேலை என்கிற இந்த மூன்றைச் சுற்றித்தான்.

படிப்பு முடிஞ்சுதே, அடுத்து என்ன?

வேலை. பதினான்கு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன், மூன்று நேர்காணல் வந்தது, ஒரு இடத்தில் ‘சொல்லி அனுப்புறோம்’ என்றார்கள். எம்.காம். இப்போதைக்கு இல்லை. கல்யாணமும் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், வீட்டில் கடன் இருக்கிறது.

ராத்திரி கச்சேரிக்குப் போற பொண்ணுன்னு பேர் வாங்கிட்டு நாளைக்கு வேலைக்கு எப்படிம்மா போவ? (அத்தை)

அத்தை, நான் அங்கே வேலைக்குத்தான் போகிறேன். மாலை 6 மணிக் கச்சேரிக்கு மதியம் 12 மணிக்கே வரச் சொல்லுவார்கள். கழுத்தில் ஒரு அட்டை, கையில் டிக்கெட் ஸ்கேன் செய்கிற மிஷின். ஆண்கள் வரிசை தனி, பெண்கள் வரிசை தனி. பெண்கள் வரிசையில் பையைத் திறந்து பார்க்கிறது எங்கள் வேலை. தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், வாசனை ஸ்பிரே எல்லாம் உள்ளே போகக் கூடாது. ஒரு நாளில் எத்தனை பேரிடம் திட்டு வாங்குவேன் என்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஒரு அம்மா ‘எம் பையத் தொறக்க நீ யாரு?’ என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு 800 ரூபாய் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான் நான்.

அந்த 800 ரூபாயும் அன்றைக்கே கைக்கு வராது. ஒரு ஏற்பாட்டாளர் மூன்று நாள் சம்பளத்தை இரண்டு மாதம் இழுத்து, கடைசியில் பாதிதான் கொடுத்தார். சாப்பாடு ஒரு வெஜ் பிரியாணி பொட்டலம். பாட்டு கேட்குமா என்றால் சத்தம் கேட்கும். பாடகர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றுகூடத் தெரியாது, நமக்கு மேடை முதுகுப் பக்கம். இரண்டு வருடத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளராகப் போனது ஒரே ஒரு தடவை.

வீட்டுக்குத் திரும்புகிறதைப் பற்றித்தான் அத்தைக்கு உண்மையான கவலை. அது எனக்கும் உண்டு. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்றால் கவலையே இல்லை. நந்தனத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் புது வண்ணாரப்பேட்டையிலேயே இறங்கலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் ரயில் விட்ட பிறகுதான் இது சாத்தியம், அதற்கு முன்னால் ஆட்டோக்காரர் ‘அந்தப் பக்கம் வரமாட்டேன்மா’ என்பார். ஆனால் கடைசி ரயில் ராத்திரி 11 மணி சுமாருக்கு. கச்சேரி 10 மணிக்கு முடிந்தால் பிழைத்தோம். ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் வைத்தால் நான் இப்போது போவதில்லை.

2023 செப்டம்பர் 10-ஆம் தேதி ஈ.சி.ஆரில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், நெரிசலில் பெண்களிடம் அத்துமீறினார்கள் என்று புகார் வந்தது, ரஹ்மானே வருத்தம் தெரிவித்து டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார். அன்றைக்கு நான் அங்கே இல்லை. ஆனால் கேட்டில் நிற்கிறவளாகச் சொல்கிறேன்: மைதானம் தாங்குகிற கூட்டத்துக்கு மேல் டிக்கெட் விற்றால், ஸ்கேன் மிஷின் பச்சை காட்டினாலும் ஆளை உள்ளே அனுப்ப இடம் இருக்காது. கேட்டில் நிற்கிற பத்தொன்பது வயசுப் பிள்ளைகளால் அதைச் சரிசெய்யவும் முடியாது. அத்தை பயப்பட வேண்டியது இந்த மாதிரிக் கூட்டத்துக்குத்தான். ‘பேர்’ போவதற்கு இல்லை.

டிக்கெட் விலை இவ்வளவா? நம்ம மாதிரி ஆளுக்கெல்லாம் எதுக்கு?

விலை அதிகம்தான். 500 ரூபாய் வரைக்கும் உள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதைத் தாண்டினால் 18 சதவீதம். 500 ரூபாய்க்குள் பெரிய கச்சேரி டிக்கெட்டை நான் ஸ்கேன் செய்ததே இல்லை.

‘நம்ம மாதிரி ஆளுக்கு எதுக்கு’ என்பதில்தான் எனக்குக் கோபம் வரும். கச்சேரி என்றாலே மயிலாப்பூர், தி.நகர் என்று ஆகிவிட்டது. ஆனால் வீணை தனம்மாள் வாழ்ந்தது எங்கள் வடசென்னை ஜார்ஜ் டவுனில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் வாசிப்பதைக் கேட்க ஊரின் பெரிய வித்வான்களெல்லாம் இந்தப் பக்கம்தான் வந்து உட்கார்ந்தார்கள். திருவொற்றியூர் அம்மன் மேல் தியாகராஜர் ஐந்து கீர்த்தனை பாடியிருக்கிறார். கானாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாவு வீட்டில் விடிய விடியப் பாடியதுதான் இன்றைக்குச் சினிமாவில் கல்யாணப் பாட்டாக ஓடுகிறது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் மேடை ஏறியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எங்கள் தெரு அண்ணன்கள் போய்விட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசினார்கள். இலவசமாக வேண்டும் என்றால் பொங்கல் சமயத்தில் அரசு நடத்துகிற சென்னை சங்கமம் ராயபுரம் ராபின்சன் மைதானத்திலேயே நடந்திருக்கிறது. 1949-இல் தி.மு.க. தொடங்கிய அதே ராபின்சன்தான். மழையில் நனைந்துகொண்டு அண்ணா பேச்சைக் கேட்ட கதையை ஆயா அவர் அப்பா சொன்னதாகச் சொல்வார். பறையாட்டமும் கானாவும் அங்கே டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம்.

கச்சேரின்னாலே போதை ஓடுமாமே?

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பைச் சோதனையில் அதிகம் சிக்குவது கூல் லிப், ஹான்ஸ், மாவா மாதிரிப் புகையிலைப் பாக்கெட்டுகள். அதற்கு அடுத்து குளிர்பான பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வருகிற சரக்கு. ஒரே ஒரு தடவை ஒரு பெண்ணின் மேக்கப் டப்பாவில் பொட்டலம் இருந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன், அவர் போலீஸைக் கூப்பிட்டார், அந்தப் பெண்ணின் அப்பாவும் வந்தார், பெரிய காரில். அப்புறம் என்ன ஆச்சு என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் டிக்கெட் முதல் வரிசை. எங்கள் பக்கத்துப் பெண் இல்லை. இதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன், அடுத்த கேள்விக்கு உதவும்.

உங்க ஏரியால கஞ்சா ஈஸியா கிடைக்குமாமே? (காலேஜ் தோழிகள், ஒரு எச்.ஆர். மேடம்)

கிடைக்கிறது. இல்லை என்று சொன்னால் எங்கள் சந்தில் இருக்கிறவர்களே சிரிப்பார்கள். எந்த மதில் ஓரம், எத்தனை மணிக்கு என்பது எட்டாவது படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு தடவை தெருக்காரர்கள் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். இரண்டு நாள் சந்து காலியாக இருந்தது. மூன்றாவது நாள் அவர்கள் அடுத்த சந்தில் நின்றார்கள்.

ஆனால் வாங்க வருகிற பைக்குகளின் நம்பரைப் பார்த்திருக்கிறீர்களா? டி.என். 03, 04 என்றால் எங்கள் பக்கம். நான் இட்லி மாவு வாங்கப் போகும்போது டி.என். 07, டி.என். 09 வண்டிகளும் நிற்கும். திருவான்மியூர், கே.கே. நகர் பதிவு. விற்கிறவன் இங்கே மாட்டுகிறான், ஏரியா பெயர் பேப்பரில் வருகிறது. வாங்கியவன் வீட்டுக்குப் போய்விடுகிறான், அவன் ஏரியா பெயர் எதிலும் வருவதில்லை.

இப்போது கஞ்சாவைவிட எனக்கு அதிக பயம் மாத்திரையில்தான். டபென்டடால் என்று ஒரு வலி மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. வாயில் போட்டு விழுங்கச் செய்த அந்த மாத்திரையைப் பசங்க ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். கரையாத தூள் ரத்தக்குழாயை அடைக்கும், ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் வரும். கஞ்சா என்றால் வாடை காட்டிக்கொடுக்கும். இதில் அம்மாவுக்குத் தெரிவதே, ஜூன் வெயிலில் பையன் முழுக்கை சட்டை போட ஆரம்பிக்கும்போதுதான்.

உங்க மாமா பையன் கேஸ் என்ன ஆச்சு?

நடந்துகொண்டிருக்கிறது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பத்தொன்பது வயசு. மொபைல் கடையில் வேலைக்கு இருந்தான், கடையை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் சும்மா இருந்தான். தெரிந்த ஒருத்தன், ‘பேசின் பிரிட்ஜில் ஒரு ஆள் இறங்குவான், பையை வாங்கி ஓரிடத்தில் கொடுத்துடு, 1,500 ரூபாய்’ என்றான். ஆந்திரா பக்கமிருந்து வருகிற ரயில்கள் சென்ட்ரலுக்கு முன்னால் கடைசியாகத் தொடுகிற இடம் அது. சென்ட்ரலில் சோதனை பலம் என்பதால் முன்னாலேயே இறங்கிவிடுகிறார்கள். எங்கள் பையன் மேம்பாலம் ஏறுவதற்குள் பிடித்துவிட்டார்கள். பையில் 1 கிலோ 200 கிராம்.

அந்த 200 கிராம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் எடைதான் கணக்கு. கஞ்சா 1 கிலோவுக்குக் கீழே சிறிய அளவு, அதிகபட்சம் ஒரு வருடம். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தபட்சமே பத்து வருடம், ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. இடைப்பட்டதற்கு பத்து வருடம் வரை கொடுக்கலாம். இவன் இடைப்பட்டதில் விழுந்தான். ‘பை என்னுது இல்ல, உள்ள என்ன இருந்துதுன்னு தெரியாது’ என்று அழுதான். அந்தச் சட்டத்தில் கையில் இருந்தால் தெரிந்துதான் வைத்திருந்தாய் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். தெரியாது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். வேறு கேஸில் போலீஸ் நிரூபிக்கும், இதில் தலைகீழ். வக்கீல் இதைச் சொன்னபோது மாமாவுக்குப் புரியவே பாதி நாள் ஆச்சு.

இரண்டரை மாதம் புழலில் இருந்தான். ஒவ்வொரு வாரமும் மாமி மனு போட்டுப் பார்க்கப் போவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர், பேச்சை விட அழுகைதான் அதிகம். அப்புறம் கண்டிஷன் பெயில். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து போடணும். தினமும் 10.30-க்கு ஸ்டேஷனில் நிற்கிறவனுக்கு எந்த முதலாளி வேலை கொடுப்பார்? கண்டிஷன் தளர்ந்த பிறகு டெலிவரி வேலைக்குப் பதிவு செய்தான். பின்னணி சரிபார்ப்பில் எஃப்.ஐ.ஆர். வந்துவிட்டது. இப்போது சித்தப்பாவின் லோடு ஆட்டோவில் காய்கறி மூட்டை ஏற்றுகிறான்.

அவன் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்காது. மூன்று மாதத்தில் அவன் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாரும் ‘எந்த ஏரியா?’ என்று கேட்டார்களாம். பையைக் கொடுத்தவன் ஒருத்தன்தான் கேட்கவில்லை.

யாராச்சும் ‘இந்தப் பையைக் கொஞ்சம் பிடி’ன்னா?

பிடிக்காதே. அண்ணனா இருந்தாலும் சரி. வேறு பதில் என்னிடம் இல்லை.

போலீஸ் ரோட்டில் நிறுத்திச் சோதிச்சா என்ன பண்றது?

தம்பிக்கு மாதம் இரண்டு தடவை நடக்கிறது. தலையில் கோடு போட்டு முடி வெட்டியிருப்பதால் என்று அம்மா சொல்கிறார். முடி வளர்ந்த பிறகும் நிறுத்தினார்கள்.

இந்தச் சட்டத்தின்கீழ் உடம்பைச் சோதிப்பது என்றால், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதைப் போலீஸே நமக்குச் சொல்லவும் வேண்டும். 50-ஆவது பிரிவு. பெண்ணைப் பெண்தான் சோதிக்கணும். ஆனால் ஒன்று, கையில் இருக்கிற பைக்கு இந்த உரிமை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. அதனால் நடுரோட்டில் நின்று சட்டம் பேசி சீன் போடாதே. பெயர், காலேஜ் ஐ.டி., நிதானமான குரல். நான் கேட்டில் நிற்கும்போது கத்துகிறவர்களின் பையைத்தான் இரண்டு தடவை பார்ப்பேன், அதுதான் மனுஷ புத்தி.

கேஸ் ஒண்ணு இருந்தா கவர்மென்ட் வேலை அவ்ளோதானா? (ஜூனியர் பசங்க, முக்கியமா ரூட்டு கோஷ்டி)

ஒரே பஸ் ரூட்டில் காலேஜுக்குப் போய்க்கொண்டு, பஸ் கூரையில் ஏறி ‘ரூட்டு தல’ என்று கத்துகிற கோஷ்டிக்குத்தான் இதை விரிவாகச் சொல்ல ஆசை. போலீஸ் வேலை வேண்டும் என்றால் கேஸில் விடுதலை ஆனால் மட்டும் போதாது. ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ விடுதலை என்று தீர்ப்பில் இருந்தால், தேர்வு விதிப்படி அவனை வழக்கில் சிக்கியவனாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது. எங்கள் காலேஜில் ஒரு அண்ணன் ஓட்டத்தில், கயிறு ஏறுவதில், எழுத்துத் தேர்வில் எல்லாம் தேறி, கடைசியில் சரிபார்ப்பில் நின்றுபோனார். இரண்டாம் வருடத்தில் பஸ் கண்ணாடி உடைந்த கேஸ். உடைத்தது அவர் இல்லை, கூட நின்றார்.

அதற்காக மறைக்கவும் கூடாது. விண்ணப்பத்தில் ‘வழக்கு உண்டா?’ என்ற கட்டம் இருந்தால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சின்ன வயதில் நடந்த அற்ப விஷயங்களை அதிகாரிகள் பெருந்தன்மையாகப் பார்க்கலாம், ஆனால் மறைத்தால் அதற்காகவே வேலையை எடுக்கலாம் என்கிற மாதிரி வழிகாட்டியது. சொல்லிவிட்டால் ஒரு வாய்ப்பாவது மிச்சம் இருக்கும்.

வீட்ல ஒரு பையன் மாத்திரை போடறான். போலீஸ்கிட்ட போகணுமா?

முதலில் ஆஸ்பத்திரிக்கு. இதைக் கேட்டவர் என் தோழியின் அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். பழக்கத்துக்கு ஆளானவர் தானாகவே முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர் மேல் வழக்கு நடத்தாமல் இருக்க அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. இது பத்து பேரில் ஒருத்தருக்குக்கூடத் தெரிவதில்லை.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. ‘கீழ்ப்பாக்கம்’ என்றால் நம் ஊரில் கேலி செய்வார்கள், அந்தக் கேலியால்தான் பாதி பேர் போகாமல் இருக்கிறார்கள். போனில் பேச 14446. இது மீட்பு ஆலோசனைக்கான தேசிய எண். விற்பனையைப் பற்றிப் புகார் சொல்ல 1933 அல்லது தமிழ்நாட்டின் 10581. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பையனைக் காப்பாற்ற ஒரு எண், விற்கிறவனைப் பிடிக்க வேறு எண். அந்த அம்மா முதல் எண்ணைத்தான் எழுதி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ரெஸ்யூம்ல அட்ரஸை மாத்திப் போடலாமா?

இதை என்னிடம் வெளிப்படையாகக் கேட்டது நாலு பேர். மனதுக்குள் கேட்டது எல்லோரும்.

என் தோழி ஒருத்தி ‘சென்னை 600 081’ என்று பின்கோடு மட்டும் போடுகிறாள். வியாசர்பாடித் தோழன் பெரம்பூர் என்று எழுதுகிறான். ‘பக்கம்தானே, பொய்யில்லையே’ என்பான். இன்னொருத்தி அண்ணா நகர் சித்தி வீட்டு முகவரி. அவளுக்கு வேலை கிடைத்தது, ஆஃபர் கடிதம் அண்ணா நகருக்குப் போனது, சித்திக்குக் கோபம், தனிக் கதை.

நான் மாற்றவில்லை. வீரம் எல்லாம் ஒன்றுமில்லை, ஆதார் கேட்பார்கள், எப்படியும் தெரிந்துவிடும். என் இரண்டாவது நேர்காணலில் கணக்குக் கேள்விகள் ஐந்து நிமிடம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், உள்ளீட்டு வரி வரவு, பேங்க் ரீகன்சிலேஷன், எல்லாம் சொன்னேன். அப்புறம் அந்த மேடம் ரெஸ்யூமைப் பார்த்துவிட்டு ‘புது வண்ணாரப்பேட்டையா? அங்கெல்லாம் சேஃபா?’ என்றார். அடுத்த பத்து நிமிடமும் அதைப் பற்றித்தான். கஞ்சா கிடைக்குமா, பொண்ணுங்க வெளியே போக முடியுமா, வீட்டில் யார் யார். நல்லவிதமாகத்தான் கேட்டார், டீகூட வரவழைத்துக் கொடுத்தார். வெளியே வந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. வெள்ளிக்கிழமை வீணை கேட்க ஊரே வந்தபோது இந்தப் பக்கம் சேஃபா என்று யாராவது தனம்மாளிடம் கேட்டிருப்பார்களா?

மேடத்துக்கு நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்: கேரம் விளையாடி 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வீடு எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அவர் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த வாரம் டி.வி.காரர்கள் வந்தபோது யாரும் சேஃபா என்று கேட்கவில்லை.

கச்சேரி வேலையை அனுபவமாப் போடலாமா?

போடலாம், போட்டிருக்கிறேன். ‘ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் வருகிற நிகழ்ச்சிகளில் நுழைவுச் சரிபார்ப்பு, பணம் மற்றும் கணக்கு ஒப்படைப்பு’ என்று. கவுண்டர் பணத்தை எண்ணி, ஸ்கேன் எண்ணிக்கையோடு ஒத்துப்பார்த்து ராத்திரி 11 மணிக்கு ஒப்படைத்திருக்கிறேன். அது கணக்கு வேலைதானே? மூன்றாவது நேர்காணலில் ஒரு ஐயா அதைப் பற்றி மட்டுமே கேட்டார். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார். ஒத்துப்போகாத ஒரு ராத்திரியைச் சொன்னேன், சிரித்தார். ‘சொல்லி அனுப்புறோம்’ அங்கேதான்.

டி.என்.பி.எஸ்.சி. எழுதலையா?

எழுதுகிறேன், எல்லோரையும் போல. குரூப் 4-க்குப் பத்தாவது போதும், 200 கேள்வி, அதில் 100 தமிழ். 2024 ஜூனில் நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். படிக்கிறேன், ஆனால் அதை மட்டும் நம்பி மூன்று வருடம் உட்கார எங்கள் வீட்டுக் கடன் விடாது.

எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சியா? (நைனா)

பதிந்தாச்சு நைனா. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். ஐந்து வருடம் காத்திருந்தும் வேலை கிடைக்காவிட்டால், குடும்ப வருமானம் வருடம் 72,000-க்குள் இருந்தால், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. நான் ஒரு கச்சேரி நாளில் 800 வாங்குகிறேன்.

சிறுசேரி, நாவலூர் பக்கம் நிறைய வேலை இருக்கே?

இருக்கிறது. வழிதான் இல்லை. கடற்கரை வரை வந்து, பறக்கும் ரயிலில் திருவான்மியூர், அங்கிருந்து பஸ். ஒரு பக்கம் இரண்டு மணி நேரம். அந்தப் பறக்கும் ரயிலும் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவே 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை ஓடவே இல்லை. அந்தப் பதினான்கு மாதத்தில் வேலையை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

நைட் ஷிப்ட் என்றால், பெண்களை ராத்திரி 8 மணிக்கு மேல் வேலை வாங்க எழுத்தில் சம்மதம் வாங்கணும், வண்டி ஏற்பாடு செய்யணும் என்று இருக்கிறது. வண்டி வீட்டு வாசல் வரைக்குமா, மெயின் ரோடு வரைக்குமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். மெயின் ரோட்டுக்கும் எங்கள் சந்துக்கும் நடுவில்தான் கஞ்சா விற்கிற அந்த மதில்.

25,000 கட்டினா வேலை கன்ஃபார்முன்னு ஒருத்தர் சொல்றாரே?

வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்க மாட்டான். ஏற்கெனவே கட்டிவிட்டால் உடனே இணையப் பண மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், அன்றைக்கே சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ‘கம்போடியாவில் டேட்டா என்ட்ரி, டிக்கெட் ஃப்ரீ, டூரிஸ்ட் விசா’ என்றால் ஓடிவிடுங்கள். அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நம் ஊர்க்காரர்களையே ஏமாற்றுகிற வேலையில் உட்கார வைத்த கதைகள் வரிசையாக வந்துவிட்டன.

அக்கா, அடுத்த கச்சேரிக்கு எனக்கு ஒரு பாஸ் கிடைக்குமா? (தம்பி)

கிடைக்காது. கேட்டில் நிற்கிறவளுக்கு யாரும் பாஸ் கொடுப்பதில்லை. பொங்கல் வரட்டும், ராபின்சனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கு முன்னால் நீயாகக் காசு சேர்த்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தால் சந்தோஷம். ஆண்கள் வரிசையில் நிற்கிற அண்ணனிடம் சொல்லி வைத்திருப்பேன், உன் பையையும் திறந்துதான் பார்ப்பார்.